றம்பொடை ஏற்றத்தில் பீட்டில்: ஒயில் சூட்டை அடக்குவது

நுவரெலியாவுக்குப் போகும் றம்பொடை ஏற்றத்தில், பீட்டில் (பழைய வொக்ஸ்வாகன் கார்) எஞ்சினுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று டொப் கியரிலேயே மெல்ல இழுப்பவர்கள் பலர். அங்கேதான் சூடு ஏறுகிறது. இந்த எஞ்சினைக் குளிர்விப்பது தண்ணீரல்ல, காற்றாடி தள்ளும் காற்று. அந்தக் காற்றாடியை ஓட்டுவது கிராங்க் புலியிலிருந்து (எஞ்சினோடு சுழலும் கப்பி) வரும் பெல்ட். சுற்று குறைந்தால் காற்றும் குறையும். போதாததற்கு, 1868 மீற்றர் உயர நுவரெலியாவில் காற்று கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெலிது. ஒரு கியர் இறக்கி, நிமிடத்துக்கு 3000 சுற்றுக்குக் குறையாமல் ஏறுங்கள்.

90.5 மி.மீ. பிஸ்டன் போட்டு 1600 சீ.சீ. எஞ்சினை 1776 சீ.சீ. ஆக்கியவுடன் ஒயிலைக் குளிர்விக்க வெளிக் கூலர் வாங்க ஓடாதீர்கள். முதலில் எஞ்சினைச் சுற்றிக் காற்றை வழிநடத்தும் தகரங்களைப் பாருங்கள். சிலிண்டர்களுக்கு அடியில் வரும் சிறு தகரங்கள் எஞ்சின் திறந்து பூட்டும்போது கராஜிலேயே தங்கிவிடுவதுண்டு. எஞ்சினைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் கிழிந்திருந்தால், கீழே தள்ளிய சுடுகாற்றையே காற்றாடி மறுபடி உறிஞ்சும். இரவில் வண்டிக்கு அடியில் டோர்ச் வைத்து மேலிருந்து பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் ஓட்டை. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் 15 மி.மீ. இறங்கினால் போதும்.

அடுத்தது ஒயில் பிரஷர் வால்வு. அதன் பிளஞ்சர் (உள்ளே ஓடும் சிறு உருளை) திறந்தபடி சிக்கினால் ஒயில் கூலருக்குப் போகாமல் நேரே சுற்றும். கழற்றித் துடைத்து, விரலால் தள்ளினால் வழுக்கி ஓடுகிறதா பாருங்கள்.

டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்), முழு அட்வான்ஸில் (பொறி மிக முந்தி விழும் நிலையில்) 30 பாகையைத் தாண்ட வேண்டாம். நுவரெலியாவில் மிக்ஸர் (பெற்றோல்-காற்றுக் கலவை) தடிக்கிறதென்று கார்புரேட்டரில் சிறிய ஜெட் (பெற்றோல் வரும் துளை) போட்டவர், கொழும்புக்கு இறங்கியதும் மெலிந்த மிக்ஸரில் எஞ்சினை வறுப்பார். எஞ்சினோடு வந்த பழைய ஒயில் கூலர் மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறிக்கிறது. 1971 மொடலிலிருந்து வந்த, தள்ளி வைத்த கூலரை அதன் காற்றாடி, உறையோடு சேர்த்து மாற்றுவது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒயில் சூடு காட்டும் மீற்றர் 120 பாகை செல்சியஸ் காட்டினால் மட்டுமே வெளிக் கூலர். பம்ப் மூடியிலிருந்து எடுத்து, பில்டர் வழியாக எஞ்சினின் பிரதான ஒயில் குழாய்க்கே திருப்புங்கள். அரை அங்குல ஹோஸ் வேண்டும். பழைய கூலரைக் கழற்றாதீர்கள். ஒயில் தெர்மோஸ்டாட் (ஒயில் சூடான பிறகே அதை வெளிக் கூலருக்கு விடும் வால்வு) இல்லாமல் பூட்டினால், குளிர்காலையில் ஒயில் 80 பாகையை எட்டாது, ஒயிலில் சேர்ந்த தண்ணீர் ஆவியாகாது. ஒயில் ஊற்றும் மூடிக்குள் பால் தேத்தண்ணி நிறத்தில் களி படியும். கூடுதல் ஒயில் பிடிக்கும் ஆழமான சம்ப் (எஞ்சினடி ஒயில் தொட்டி) கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும், தோட்டத்து ரோட்டுக் கல்லில் இடிபடும் வரை.

சார்ஜ் லைட் எரிந்தால் உடனே ஓரங்கட்டி நிறுத்துங்கள். சார்ஜ் பண்ணும் டைனமோவையும் காற்றாடியையும் ஓட்டுவது ஒரே பெல்ட்; அது அறுந்திருந்தால் காற்றாடியும் நின்றிருக்கும்.