புதுக்கோட்டைக் குன்றுகளுக்கு ஒருநாள் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதியம் ஒரு மணிக்குக் குடுமியான்மலை சிகாநாதர் கோயில் வாசலில் ஒரு குடும்பமாவது அடைத்த கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பழைய இசைக் குறிப்புகள் பொறித்த இசைக் கல்வெட்டைப் பார்க்கவே வந்திருப்பார்கள். அது கோயில் வளாகத்துக்குள், குடைவரையை (பாறையைக் குடைந்த கோயிலை) ஒட்டிய பாறையில் இருக்கிறது. நடை சாத்திவிட்டால் மாலை 4 மணிவரை ஒன்றும் செய்ய முடியாது.

தூரத்தை வைத்து வரிசை போடுவது

வரைபடத்தில் எது பக்கம் என்று பார்த்தே திட்டம் போடுகிறார்கள். எரிச்சலூட்டும் தவறு இதுதான். பாதி நாளை அப்படியே விழுங்கிவிடும்.

இந்த வட்டாரத்தில் மூன்று வகை இடங்கள். ஒன்று, நிழலே இல்லாத மொட்டைப் பாறை: நார்த்தாமலையின் சிவன் கோயிலான விஜயாலய சோழீஸ்வரம், சித்தன்னவாசலில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டம். இரண்டு, தொல்லியல் துறையின் பராமரிப்பில், உச்சிவேளையில் நடை சாத்தாத இடங்கள்: சித்தன்னவாசலின் சமணக் குடைவரையான அறிவர் கோயில், கொடும்பாளூர் மூவர்கோயில். மூன்று, பூசை நடக்கும் கோயில்கள்.

"முதலில் சாமி கும்பிட்டுவிடுவோம்" என்று மூன்றாம் வகையில் தொடங்கினால், பாறை ஏறும்போது உச்சி வெயில். கருங்கல் வாங்கிய சூட்டை லேசில் விடாது. சன்னதிக்கு முன் செருப்பைக் கழற்றியதும் குழந்தைகள் அழுவார்கள், பெரியவர்கள் ஓடுவார்கள். சோழீஸ்வரத்தின் வட்டக் கருவறையை நின்று பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. எதிரே குடைவரையில் வரிசையாக நிற்கும் 12 திருமால் சிற்பங்களைப் பார்க்காமலே இறங்கிவிடுவார்கள்.

திருச்சியிலிருந்து காலை 5.30க்குக் கிளம்புங்கள். 7 மணிக்குள் நார்த்தாமலை. 9க்குள் இறங்கிவிட வேண்டும். அடுத்து சித்தன்னவாசல். அங்கும் ஏழடிப்பட்டம்தான் முதலில், அறிவர் கோயில் பிறகு. சாப்பாட்டுக்குப் பின் மூவர்கோயில். மூன்றில் இரண்டு கோயில்களே மிஞ்சியிருக்கின்றன, மூன்றாவதன் அடித்தளத்தையும் சுற்றிப் பாருங்கள். 4 மணிக்கு மேல் குடுமியான்மலை. கிலோமீட்டர் கொஞ்சம் கூடும், கூடட்டும்.

"நார்த்தாமலை" என்று மட்டும் தேடுவது

வண்டி ஊருக்குள் போய் நிற்கும். சோழீஸ்வரத்தின் பெயரையே போடுங்கள்.

ஓவியத்தை இரண்டு நிமிடத்தில் முடிப்பது

வெயிலிலிருந்து நேராக அறிவர் கோயில் குடைவரைக்குள் நுழைந்தால் கண் இருட்டும். அண்ணாந்து பார்த்து, "ஒண்ணுமே தெரியலையே" என்று திரும்பிவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். விதானத்தில் தாமரைக் குளம் மெல்லப் புலப்படும்: முதலில் இலைகள், பிறகு மீன், அன்னம், யானை, பூப்பறிக்கும் ஆள். 9ஆம் நூற்றாண்டின் வண்ணம், பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. முழுப்படத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். தூண்களில் ஆடும் பெண்களையும் தேடுங்கள்.

ஃபிளாஷ்

கூடாது.

ஏழடிப்பட்டத்தில் படுக்கைகளை மட்டும் எண்ணுவது

வழவழப்பான கற்படுக்கைகள் 17. பெரிய படுக்கையின் ஓரத்தில்தான் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு. நேர்வெளிச்சத்தில் எழுத்து தட்டையாகிவிடும். பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். விரலால் தேய்க்க வேண்டாம், சுண்ணாம்புக் கட்டியால் எழுதிப் பார்க்கவும் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை

திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.

திருமயத்தையும் சேர்ப்பது

கோட்டை, இரண்டு குடைவரைக் கோயில்கள். அதற்கு வேறொரு நாள்.