நாலு காலும் சாயாமல் நிற்க

வீட்டோடு பட்டறை வைத்து வெள்ளி வேலை பழகுகிற வன்னித் தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு விசயம். கல்லைப் பிடிக்கும் கால்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பற்றவைக்காதீர்கள், ஒன்றைச் சூடாக்க மற்றது சாயும். 1 மில்லிமீற்றர் கம்பியில் இரண்டு துண்டை ‘ப’வைக் கவிழ்க்காமல் அப்படியே எழுதின மாதிரி வளைத்து, அடி நடுவில் ஒன்றுக்கு மேலிருந்தும் மற்றதுக்குக் கீழிருந்தும் பாதித் தடிப்புக்கு அராவினால், குறுக்காக ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும். வெண்காரம் தடவிப் பற்றவையுங்கள், ஒரே ஒட்டில் நாலு காலும் நிற்கும். கச்சான் காற்றடிக்கிற நாளென்றால் தட்டியை இறக்கிவிடுங்கள், சுவாலை அலைந்தால் கம்பி உருகிவிடும்.

அப்புறம் கல் உட்காரும் வெட்டு. 6 மில்லிமீற்றர் கல்லுக்கு உள் இடைவெளி 5.4 விட்டு, ஒவ்வொரு காலிலும் உட்பக்கம் 0.3 அளவுக்குத்தான் வெட்ட வேண்டும், அதாவது கம்பியின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பாதிக்கு மேல் போனால் மடக்கும்போதே கால் முறியும், எனக்கு இரண்டு தரம் முறிந்திருக்கிறது. நாலு வெட்டும் ஒரே உயரத்தில் இருக்கட்டும்.

கல்லை வைத்துக் கால்களை மடக்கும்போது, ஒரு காலுக்கு அடுத்ததாகப் பக்கத்துக் காலை அல்ல, எதிர்க் காலை மடக்குங்கள், கொஞ்சம் கொஞ்சமாக. நீலக்கல் இந்த அழுத்தத்தைத் தாங்கும். நிலாக்கல் மென்மையானது, இலகுவாகப் பிளக்கும், அரம்கூட அதில் படக்கூடாது.

முடிந்ததும் பஞ்சால் தடவிப் பாருங்கள், நூல் சிக்குகிற காலை இன்னும் அழுத்த வேண்டும்.