பொது சாக்கெட் செட்டில் எண்ணும் தெரிய வேண்டும், காணாமல் போனதும் தெரிய வேண்டும்

நான்கைந்து மெக்கானிக்குகள் ஒரே சாக்கெட் செட்டை (நட்டு, போல்ட் தலையில் மாட்டித் திருப்பும் குழல்களின் தொகுப்பு) புழங்கும் பட்டறையில் இரண்டு விதமாக நேரம் போகும். கிரீஸ் படிந்து எண் தெரியாமல் 12, 13, 14 மி.மீ. என்று மாற்றி மாற்றி நட்டில் போட்டுப் பார்ப்பது ஒன்று. "10 யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டு அலைவது இன்னொன்று. முதலாவதற்கு சாக்கெட்டில் எண் பளிச்சென்று இருந்தால் போதும். இரண்டாவதற்கு அது உட்காரும் இடத்திலும் எண் வேண்டும்.

எல்லாவற்றையும் டீசலில் கழுவித் துடைத்து மேஜையில் பரப்புங்கள். வாய்க்குள் மூலை மழுங்கியதும் மயிரிழை விரிசல் விட்டதும் பழைய இரும்புக்குப் போகட்டும். மீதியை டிரைவ் (கைப்பிடி நுழையும் சதுரத் துளையின் அளவு) வாரியாக கால் இஞ்ச், 3/8 இஞ்ச், அரை இஞ்ச் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் மில்லிமீட்டரையும் இஞ்ச் சைஸையும் தனியாக்குங்கள். இதில் அசட்டை கூடாது. 9/16 இஞ்ச் என்பது 14.29 மி.மீ.; 14 மி.மீ. தலையுள்ள போல்ட்டில் அழகாக உட்காரும், இறுகிய போல்ட்டை அதை வைத்து இழுத்தால் தலை மழுங்கிவிடும். 1/2 இஞ்ச் என்பது 12.7, அது 13-இல் ஏறவே ஏறாது. இஞ்ச் வேலை வராத பட்டறை என்றால் அவற்றை ஒரு டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுங்கள்.

பொறித்த எண்ணுக்குள் பெயிண்ட் நிரப்புவதுதான் மலிவான, நீடிக்கும் வழி. தின்னரும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு பள்ளத்திலிருக்கும் எண்ணெயைச் சுத்தமாக எடுங்கள். எண்ணெய் இருந்தால் பெயிண்ட் உரிந்து வரும். குரோம் மேல் கறுப்பு அல்லது சிவப்பு எனாமல், கறுப்பு இம்பாக்ட் சாக்கெட்டில் (அதிர்ந்து திருகும் மெஷினுக்கானது) வெள்ளை. எண் மேல் தாராளமாகத் தடவி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, தட்டையான மரத்துண்டில் இறுக்கிச் சுற்றிய துணியில் துளி தின்னர் தொட்டு மேலாகத் துடையுங்கள். கையில் சுருட்டிய துணி பள்ளத்துக்குள் இறங்கிப் பெயிண்டையே எடுத்துவிடும். ஒரு நாள் காயட்டும். பிரேக் ஆயில் பட்டால் இந்தப் பெயிண்டும் கரையும், அவ்வப்போது மறுபடி அடிக்க வேண்டியதுதான். லேசரில் எழுதிய எண்ணில் பள்ளமே இல்லாததால் பெயிண்ட் நிற்காது. அதற்கு லேபிள் ஒட்டி, மேலே ஒளி ஊடுருவும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் குழாய்) போடுங்கள். எண் பொறிக்கும் நம்பர் பஞ்சை வைத்துச் சுத்தியலால் அடிக்க வேண்டாம். கடினப்படுத்திய இரும்பில் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

சைஸுக்கு ஒரு நிறம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். அரை இஞ்ச் செட்டில் 10 முதல் 32 வரை வழக்கமாக 18 சாக்கெட். 18 நிறத்தை யார் ஞாபகம் வைப்பது? அடிக்கடி எடுக்கும் நாலுக்கு மட்டும் நிற வளையம் போதும். ஜப்பானிய வகை வண்டிகளில் எம்6, எம்8, எம்10, எம்12 போல்ட்டுகளுக்கு (எம் எண் என்பது மரையின் விட்டம், மி.மீ.) வழக்கமாக 10, 12, 14, 17 தலை; ஐரோப்பிய வண்டிகளில் எம்8-க்கு 13. பிளாஸ்டிக் உறையோடு வரும் வீல் நட் சாக்கெட்டுகளில் பெரும்பாலும் 17 நீலம், 19 மஞ்சள், 21 சிவப்பு. அந்த நிறங்களை வேறு சைஸுக்குக் கொடுத்துக் குழப்பாதீர்கள்.

அடுத்து பலகை. 40 மி.மீ. கனமான மரத்தில் 20 மி.மீ. ஆழத்துக்குத் துளையிட்டு உருட்டு மரக்குச்சிகளை ஒட்டுங்கள்: அரை இஞ்ச் டிரைவுக்கு 12 மி.மீ., 3/8-க்கு 9, கால் இஞ்சுக்கு 6. துளைகளைச் சம இடைவெளியில் போட்டால் பெரிய சாக்கெட்டுகள் ஒன்றோடொன்று முட்டும். சாக்கெட்டுகளையே வரிசையாக நிறுத்தி, நடுவில் விரல் நுழைய 10 மி.மீ. விட்டு மையம் குறியுங்கள். 18-ம் ஒரே வரிசையில் முக்கால் மீட்டருக்குக் கிட்ட வரும். இரண்டு வரிசை வசதி. குச்சியைச் சுற்றி, சாக்கெட் மறைக்கும் அளவுக்கு மட்டும் சிவப்பு வட்டம்; சாக்கெட் இல்லையென்றால் சிவப்பு கண்ணில் படும். முன்னால் 15 மி.மீ. உயர எண், மேலே இரண்டு கோட் வார்னிஷ். காகித ஸ்டிக்கர் எண்ணெயில் ஊறி உரிந்துவிடும்.

எடுத்தவர் யார் என்று தெரிய, ஆளுக்கு ஐந்து எம்12 வாஷர், ஆளுக்கொரு நிறம். வாஷரின் துளை 13 மி.மீ., 12 குச்சியில் தாராளமாக நுழையும். 9, 6 குச்சிகளிலும் தொங்கும். சாக்கெட்டை எடுப்பவர் தன் வாஷரை அங்கே மாட்ட வேண்டும். ஐந்தும் மாட்டியாகிவிட்டால், ஒன்றைத் திருப்பி வைத்த பிறகுதான் அடுத்தது. 10-இல் மட்டும் உபரியாக இரண்டு வாங்கி, அவற்றுக்கும் பலகையில் குச்சி அடித்துவிடுங்கள்.