ஸ்டாலின் மொலோட்டோவுக்கு எழுதிய கடிதங்கள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1925 முதல் 1936 வரை சோவியத் தலைவர் ஸ்டாலின், தன் நம்பிக்கைக்குரிய கட்சித் தோழரும் 1930 இறுதியிலிருந்து சோவியத் பிரதமருமான மொலோட்டோவுக்கு எழுதிய கடிதங்கள் இன்று யாரும் படிக்கக் கிடைக்கின்றன. கோடையில் தெற்கே கருங்கடல் கரையிலுள்ள சோச்சி பக்கம் ஓய்வெடுக்கப் போனவர், மாஸ்கோவில் இருந்தவருக்கு எழுதியவைதான் பெரும்பாலும். சோவியத் வரலாற்றில் அக்கறை உள்ளவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும், ஆனால் நிதானமாக.

கடிதத்தில் சொன்னது அப்படியே நடந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. 1930 கோடையில், பொருளாதார அறிஞர் கோந்த்ராத்தியெவைச் சுட்டே ஆகவேண்டும் என்று ஸ்டாலின் எழுதுகிறார். அதோடு அவர் கதை முடிந்தது என்று நினைப்போம். ஆனால் அவருக்கு 1932-ல் எட்டு ஆண்டுச் சிறைத்தண்டனைதான் கிடைத்தது. சுடப்பட்டது 1938 செப்டம்பரில். அந்த வரி காட்டுவது ஸ்டாலின் அன்று என்ன நினைத்தார் என்பதை மட்டுமே. நடந்தது என்ன என்பதற்கு வழக்கு ஆவணங்களைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, அதனால் எல்லாம் வெறும் கோபப் பேச்சு என்று தள்ளிவிடுவதும் தப்பு. அதே 1930 ஆகஸ்டில் இன்னொரு கடிதம். நாளுக்கு 10 முதல் 15 லட்சம் பூட் தானியம் ஏற்றுமதியாவது போதாது, குறைந்தது 30, 40 லட்சமாக்க வேண்டும் என்கிறார். ஒரு பூட் 16 கிலோவுக்குச் சற்று மேல்; அப்படியென்றால் நாளுக்குக் கிட்டத்தட்ட 50,000 முதல் 65,000 டன்! இல்லாவிட்டால் புதிய இரும்பாலைகளும் இயந்திரத் தொழிற்சாலைகளும் கிடைக்காமல் போகும் என்பது அவர் கணக்கு. அந்த ஆண்டு சுமார் 48 லட்சம் டன் தானியம் வெளியே போனது, அடுத்த ஆண்டு அதைவிட அதிகம். 1932-33 பஞ்சத்தில் உக்ரைனிலும் கஸகஸ்தானிலும் மக்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள். ஏற்றுமதி மட்டுமே அதற்குக் காரணமில்லை. ஆனாலும் இந்தக் கடிதத்தை வெறும் நிர்வாகக் குறிப்பாக என்னால் படிக்க முடியவில்லை.

இவற்றை இருவரின் உரையாடலாகப் படிக்கவும் கூடாது. நம் கையில் இருப்பது பெரும்பாலும் ஸ்டாலின் பக்கம்தான். மொலோட்டோவ் தன்னிடம் இருந்ததை 1969-ல் கட்சி ஆவணக்காப்பகத்தில் ஒப்படைத்தார். அவர் எங்கே தயங்கினார், எங்கே முந்திக்கொண்டு ஆமோதித்தார் என்பது பெரும்பாலும் தெரியாது.

கடிதங்களில் தெரியும் நெருக்கத்தை வைத்து இது கடைசிவரை நீடித்த நட்பு என்று நம்பிவிட வேண்டாம். மொலோட்டோவின் மனைவி பொலினா 1949-ல் கைதானார். 1952 அக்டோபரில் கட்சியின் மத்தியக் குழுக் கூட்டத்திலேயே ஸ்டாலின் மொலோட்டோவைத் தாக்கிப் பேசினார்.

அப்புறம், 1936-க்குப் பிறகு வரும் மௌனம். எழுதாததால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. தொலைபேசி வசதி பெருகியிருந்தது; 1937-லிருந்து பல ஆண்டுகள் ஸ்டாலின் தெற்கே ஓய்வுக்கும் போகவில்லை. பக்கத்திலேயே இருப்பவருக்குக் கடிதம் எதற்கு? அந்தக் காலத்துக்கு, இருவரும் கையெழுத்திட்ட மரண தண்டனைப் பட்டியல்களையும், ஸ்டாலினின் கிரெம்ளின் அலுவலக வருகைப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும்.