பெருக்கல் புரிந்ததா, கட்டம் நிரப்பத் தெரிந்ததா? பரப்பு மாதிரியை வைத்துச் சோதிப்பது எப்படி

முதல் தடவை 34 × 27 கணக்குக்கு நானே செவ்வகம் வரைந்து, நான்காகப் பிரித்து, ஓரங்களில் 30, 4, 20, 7 என்று எழுதியும் கொடுத்துவிட்டேன். ஏறக்குறைய எல்லோருக்கும் 918 வந்தது. மறுநாள் வெறும் தாளில் இன்னொரு கணக்கு கொடுத்தால் பாதிப் பேருக்கு எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை. இப்படி எண்களைப் பத்துகளாகவும் ஒன்றுகளாகவும் பிரித்துச் செவ்வகத்தின் ஓரங்களில் எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் பெருக்கி, நான்கையும் கூட்டுவதுதான் பரப்பு மாதிரி. அதை வகுப்பில் நடத்தி முடித்த ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: எண்களைப் பார்த்து எடுங்கள். 22 × 22 வேண்டாம். இரண்டு கட்டங்களில் 40 வரும், எந்த 40 எங்கிருந்து வந்தது என்று தெரியாது. பூஜ்யத்தில் முடியும் எண்ணும் வேண்டாம். 34 × 27 நல்ல கணக்கு: 600, 210, 80, 28, நான்கும் வேறு வேறு.

படி 2: கோடு போடாத தாளும் பேனாவும் கொடுங்கள். கட்டம் போட்ட தாள் என்றால் சிலர் சதுரங்களை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். பென்சில் எனக்கு ஆகாது. நமக்கு வேண்டிய தப்பை ரப்பர் அழித்துவிடும்.

படி 3: தப்பான விடையைப் படியுங்கள். நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். எல்லாத் தப்புக்கும் ஒரே சிவப்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

628 வந்தால், பத்தைப் பத்தோடும் ஒன்றை ஒன்றோடும் மட்டும் பெருக்கியிருக்கிறார்கள். 210, 80 கட்டங்கள் மனதில் இல்லை. 378 வந்தால் 30 × 20 = 60 என்று போட்டிருப்பார்கள். 63 வந்தால் 30ஐ 3 ஆகவும் 20ஐ 2 ஆகவும் எடுத்திருக்கிறார்கள். இடமதிப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். 818 வந்தால் பெரும்பாலும் கூட்டலில் நூறு இடத்துக்குப் போக வேண்டிய 1 விட்டுப்போயிருக்கும், பெருக்கலைத் திரும்ப நடத்தத் தேவையில்லை.

918 வந்தவரையும் விடாதீர்கள். ஒரு கட்டத்தைத் தொட்டு, "இந்த 210 எப்படி வந்தது?" என்று கேளுங்கள்.

படி 4: தலைகீழாகக் கேளுங்கள். மேல் வரிசையில் 800, 120. கீழ் வரிசையில் 100, 15. ஓரங்களில் என்ன எண்கள்? (45 × 23.) மனப்பாடமாகச் செய்பவர்கள் இதில் நின்றுவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

பின்சேர்க்கை: நான்கு கட்டத்தையும் ஒரே அளவில் வரைந்தால் மதிப்பெண் குறைக்கலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். நான் குறைப்பதில்லை. "இதில் எது உண்மையில் பெரிய கட்டம்?" என்று வாய்மொழியாகக் கேட்கிறேன். 600ஐக் காட்டினால் சரி.