டப்ளின் சுங்க மாளிகையில் ஆற்று முகங்களைத் தேடுவது எப்படி?

டப்ளின் நகரில் லிஃபி ஆற்றின் வடகரையில் நிற்கும் கஸ்டம் ஹவுஸ் என்னும் பழைய சுங்க மாளிகை, கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் காண்டனின் வடிவமைப்பில் 1781இல் தொடங்கப்பட்டு 1791இல் நிறைவடைந்தது. அதன் வளைவுகளின் உச்சிக் கற்களில் சிற்பி எட்வர்ட் ஸ்மித் வடித்த 14 முகங்களைக் குழந்தைகளைக் கொண்டு தேடவைக்கும் புதையல் வேட்டைக்கான செய்முறை இது.

முதலில் ஒரு தாளில் 14 கட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள். பான், பாரோ, பிளாக்வாட்டர், பாய்ன், எர்ன், ஃபாய்ல், லாகன், லீ, லிஃபி, நோர், ஷானன், ஸ்லேனி, ஷூர் என ஆறுகள் 13. எஞ்சிய முகம் அட்லாண்டிக் பெருங்கடலுக்குரியது. எழுதுவதற்குப் பேனாவைவிடப் பென்சிலே மேல்; டப்ளின் தூறலில் மை ஊறிவிடும்.

அடுத்து வருவதுதான் கடினமான படி. தாடியும் மீசையுமாக இருக்கும் முகங்களில் எது எந்த ஆறு என்று சொல்வது பெரியவர்களுக்கே எளிதன்று. இதற்கு நான் பரிந்துரைப்பது, 1928 முதல் வெளிவந்த அயர்லாந்தின் பழைய பணத்தாள்கள். அவற்றின் பின்புறத்தில் இம்முகங்களே இடம்பெற்றன: 10 ஷில்லிங்கில் பிளாக்வாட்டர், 1 பவுண்டில் லீ, 5இல் லாகன், 10இல் பான், 20இல் பாய்ன், 50இல் ஷானன், 100இல் எர்ன். இப்படங்களை இணையத்தில் தேடி, பெரிதாக அச்சிட்டுத் துப்பு அட்டைகளாகக் கொடுத்தால், ஏழு முகங்களைக் குழந்தைகள் தாமே ஒப்பிட்டு அடையாளம் கண்டுவிடுவார்கள்.

மாளிகையை அடைந்ததும் பார்வை குவிமாடத்தின் உச்சியில் நிற்கும் வணிகத் தேவியின் சிலைக்கும், மாட்டிறைச்சி வணிகத்தைக் குறிக்கும் எருதுத் தலைகளுக்கும் தாவும். அவற்றை விட்டுவிட்டு, வளைவுகளின் உச்சியை மட்டும் நோக்கியபடி கட்டடத்தைச் சுற்றி வரச் சொல்லுங்கள். கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்ப்பதைவிட ஒரு சிறிய பைனாகுலர் எவ்வளவோ தெளிவு.

ஆறுகளைப் பெண்களாகவே எண்ணிப் பழகிய நமக்கு, இங்கே லிஃபி ஒன்று மட்டுமே பெண் முகம் என்பது வியப்பளிக்கும். ஆகவே அதைக் கண்டுபிடிப்பவருக்கு இரட்டை மதிப்பெண் கொடுக்கலாம். ஆற்றை நோக்கிய தென்முகப்பின் நடுவாசலுக்கு மேலே அவள் இருக்கிறாள்.

பின்சேர்க்கை: குவிமாடப் பகுதியின் கல் மட்டும் ஏன் கருமையாக இருக்கிறது என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். 1921 மே 25 அன்று விடுதலைப் போரில் மாளிகை எரிக்கப்பட்டபின், அப்பகுதி இங்கிலாந்தின் வெளிர்நிறப் போர்ட்லாண்டு கல்லுக்குப் பதிலாக அயர்லாந்தின் கருமையான ஆர்ட்பிராக்கன் சுண்ணாம்புக் கல்லால் மீண்டும் கட்டப்பட்டது. இதையும் ஒரு வினாவாகத் தாளில் சேர்த்துக்கொள்ளலாம்.