தந்திக் கம்பிக்குப் பாலைவனத்தில் வழி அளக்கும் முறை

1870இல் ஆஸ்திரேலியாவின் தெற்கிலுள்ள போர்ட் அகஸ்டாவிலிருந்து வடகரையிலுள்ள டார்வின் வரை, ஏறத்தாழ 3,200 கிலோமீட்டருக்குத் தந்திக் கம்பி இழுக்கும் பொறுப்பைச் சார்லஸ் டாட் ஏற்றபோது, கையில் இருந்த சிறந்த வழிகாட்டி, முன்பே அக்கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்த ஆய்வுப்பயணி ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட்டின் பயணக் குறிப்புகளே. ஆனால் அவர் குதிரை ஏறிச் சென்ற மலைவழியில் பாரவண்டி போகாது. அத்தகைய நிலத்தை அளக்கச் செல்பவர், கம்பங்களைச் சுமந்து வரும் வண்டிக்காகவே வழி தேட வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். கம்பம் நடும் ஆட்களும் மாடுகளும் ஒரே இடத்தில் பல வாரங்கள் தங்க நேரும் என்பதால், நீர்நிலையைக் கண்டவுடன் மகிழ்ந்து குறித்துவிடாமல், அது ஊற்றா, பாறைமேல் தேங்கிய மழைநீரா என்று ஆராய வேண்டும். 1871 மார்ச்சில் நடு ஆஸ்திரேலியாவின் மெக்டொனல் மலைத்தொடரில் வழி தேடிய வில்லியம் மில்ஸ் கண்ட குட்டைக்கு டாட்டின் மனைவி ஆலிஸின் பெயரோடு ஊற்று என்ற சொல்லும் சேர்ந்துவிட்டது. உண்மையில் அது ஆற்றுப்படுகையில் தேங்கிய நீர். அம்மண்ணுக்குரிய அரெர்ண்டே மக்கள் அந்த நீரைத் தலைமுறைகளாக அறிந்தவர்கள். நிலத்துக்குரியவர்களிடம் கேட்டறிவது எந்தக் கருவிக்கும் குறைந்ததன்று.

இருக்குமிடத்தை அறிய இரவில் விண்மீன்களை அளக்க வேண்டும். விண்மீனின் உயரத்தைத் தொடுவானத்திலிருந்தே அளப்பது வழக்கம். கடலில் தொடுவானம் தெளிவாகத் தெரியும். மேடுபள்ளமான காட்டில் தெரியாது. ஆகவே ஒரு தட்டில் பாதரசத்தை ஊற்றி, காற்றில் அது நடுங்காதபடி கண்ணாடிக் கூரையால் மூடி, விண்மீனையும் பாதரசத்தில் தெரியும் அதன் பிம்பத்தையும் கோணம் அளக்கும் கருவியான செக்ஸ்டன்ட் வழியே ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டும். கிடைக்கும் கோணம் உண்மை உயரத்தின் இரு மடங்கு என்பதால் அதைப் பாதியாக்க வேண்டும். செக்ஸ்டன்ட் ஏறக்குறைய 120 பாகை வரையே அளக்கும். எனவே 60 பாகைக்கு மேல் நிற்கும் விண்மீன்களை விட்டுவிட வேண்டும்.

பகலில் திசைகாட்டியைப் பார்க்கையில், இரும்பு அதன் முள்ளை இழுக்கும் என்பதால், கோடரியும் சங்கிலியும் தள்ளியே இருக்கட்டும். 66 அடிச் சங்கிலியால் அளந்து, மைலுக்கு ஏறத்தாழ 20 கம்பங்கள் என்ற கணக்கில் நான்கு சங்கிலிக்கு ஒரு கம்பம் வைத்து, அருகில் நேரான மரம் உண்டா என்று எழுத வேண்டும். வடக்கே மரம் இருந்தாலும் கரையான் அரிக்கும். பின்னர் அங்கே இரும்புக் கம்பங்கள் நட நேர்ந்தது.

ஆற்றைக் கடக்குமிடத்தில் மரக்கிளைகளில் சிக்கிய சருகையும் குப்பையையும் நிமிர்ந்து பார்க்க வேண்டும். வெள்ளம் ஏறிய உயரம் அது. 1870ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய மழையில் வடபகுதிப் பாதை சேறாகி வேலை முடங்கியது. வறண்ட காலத்தில் உறுதியாகத் தெரிந்த தரை மழைக்காலத்தில் வண்டிச் சக்கரத்தை விழுங்கும் என்பதால், ஒவ்வொரு குறிப்பின் அருகிலும் பார்த்த மாதத்தைத் தவறாமல் எழுத வேண்டும்.